மஞ்சட்பூ எல்லாம் ஆவாரை ஆகுமா?

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கிழக்குக் கரையின் முகமே மாறிவிடுகின்றது. மேற்கேயிருந்து வரும் அவ்வரண்ட காற்று தரவைப் புல்லைச் சருகாக்கி, குளத்தோரச் சேற்றை வெடிக்கச் செய்து, கரை மணலை அனலாக்கி விடுகின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரையில் ஏறக்குறைய இதே நிலைதான். அவ்வேளையில் பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, உகந்தை வழியாகக் குமண நோக்கிச் செல்வோர், முட்புதர்களுக்கிடையே ஒரு செடி இலை உதிராது, உச்சியெங்கும் பொன்னிறப் பூவைச் சுமந்து நிற்பதைக் காணலாம். ஆடிவேல் விழாவை நாடிக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்க்கு அது பழகிய காட்சி. அச்செடியே ஆவாரை. சிங்கள மக்கள் அதனை ரணவரா என்பர்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஆவாரை உள்ள ஊரில் நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. இப்பழமொழியை நம்பி ஆவாரம்பூவைத் தேநீர்போல் காய்ச்சிப் பருகும் வழக்கம் நாடெங்கும் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே நாடும் நாட்டு மருந்துகளில் இதுவும் ஒன்று. 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாத்திரை கிடையாத காலத்தில் மக்கள் மனம் மூலிகையை நாடுவது இயல்பே.

ஆனால் மூலிகையை நாடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கையில் உள்ள செடி மெய்யாகவே ஆவாரைதானா? நிறத்தைக் கண்டு பறிப்பவரும் பெயரைக் கேட்டு வாங்குபவரும் ஒருங்கே ஏமாறக்கூடும். அந்த ஏமாற்றம் சிற்சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும். ஆதலால் இச்செடியை ஐயந்திரிபற அறியும் வழியை வீட்டிலுள்ள பெரியோரும் பாடசாலை மாணாக்கரும் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

பாலையில் வாழும் பசுமை

பூகோள நூலார் பாலைவனம் என்று கூறும் நிலம் இலங்கையில் இல்லை. எனினும் வடமேற்கே மன்னார், புத்தளம் பக்கத்திலும், தென்கிழக்கே அம்பாந்தோட்டை தொடங்கி யால வரையிலும் உள்ள நிலப்பரப்பு நாட்டின் ஏனைய பகுதிகளினும் மிக வறண்டது. நம் பழந்தமிழர் கண்ட பாலையும் நிலையான மணற்காடு அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்தபோது பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அவ்வகையில் பார்த்தால், கச்சான் காலத்து உகந்தைப் புதர்க்காட்டையும் ஒரு பருவப் பாலை எனலாம்.

அந்நிலத்தில் வாழும் செடிக்கு ஆழமான வேர் வேண்டும். வெயிலில் நீரை வீணாக்காத சிறிய இலைகள் வேண்டும். ஆடு மாடு மேய்ந்து அழித்துவிடாத இயல்பும் வேண்டும். ஆவாரைக்கு இம்மூன்றும் உண்டு. அதன் சிற்றிலைகள் இரவில் மடங்கிக்கொள்ளும். கால்நடைகள் அதனை விரும்பி மேய்வதில்லை. ஆகையால் மற்றைப் பூண்டுகள் மேய்ச்சலால் அழிந்துபோன தரிசிலும் ஆவாரை மாத்திரம் தழைத்து நிற்கக் காண்கிறோம்.

இச்செடி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதலியைப் பெறாத தலைவன் பனைமடலாற் செய்த குதிரையில் ஏறி ஊர்த்தெருவில் வரும்போது ஆவிரம்பூ மாலையைச் சூடுவான் எனச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் தோல் பதனிடுவோர் ஆவாரம் பட்டையையே நெடுங்காலம் நம்பியிருந்தனர். தமிழ் முஸ்லிம் வணிகர் பெருக்கிய வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிலின் தொடக்க காலத்தில் இப்பட்டைக்கு இருந்த மதிப்புப் பெரிது. தென்னாபிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்கிய பின்னரே அது குறைந்தது. 2014 இல் தெலங்கானா தனி மாநிலமானபோது தன் மாநில மலராகத் தேர்ந்துகொண்டதும் இந்த ஆவாரம்பூவையே.

ஒரு பெயர், பல செடிகள்

தமிழில் ஆவாரை என்னும் சொல் தனித்தும் வரும், அடைமொழியோடும் வரும். ஆவாரை, நிலாவாரை, பொன்னாவாரை, பேயாவாரை என்பன கேட்பதற்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றும். அவை யாவும் மஞ்சள் நிறத்தில் பூப்பவை. யாவும் கூட்டிலை உடையவை. யாவும் அவரை போன்ற காய் காய்ப்பவை. தாவரவியலாரும் இவற்றைச் சென்னா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கின்றனர். குடும்பம் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று. முதலாவது குடிநீருக்கு உதவும்; இரண்டாவது வயிற்றைக் கழியச் செய்யும்; பேயாவாரையின் விதையோ குழந்தையைக் கொல்லவும் வல்லது.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பொன்னாவாரை என்ற பெயரை ஒரு சாரார் பேயாவாரைக்கே வழங்குவர்; மற்றொரு சாரார் அதன் இனமான வேறொரு செடிக்கு வழங்குவர். ஓர் ஊரில் மருந்தின் பெயராக இருப்பது அடுத்த ஊரில் நஞ்சின் பெயராக மாறிவிடுகின்றது. ஆகவே, பெயரை மட்டும் கேட்டு மூலிகை வாங்குவது முகவரி தெரியாமல் கடிதம் போடுவதற்கு ஒப்பாகும்.

இந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்காகவே அறிவியலார் உலகமெங்கும் பொதுவான இலத்தீன் பெயர்களை வழங்கி வருகின்றனர். 1753 இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஆவாரைக்குக் காசியா ஓரிக்குலேற்றா எனப் பெயரிட்டார். 1832 இல் வெளிவந்த றொக்ஸ்பேர்க்கின் நூல் அதனைச் சென்னா ஓரிக்குலேற்றா என மாற்றிற்று. இன்று வழங்குவது இப்பெயரே. பேரினப் பெயர் மாறியபோதும் பின்பாதி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓரிக்குலேற்றா என்றால் காதுடையது என்பது பொருள். செடிக்குக் காது உண்டா என்று வியப்பவர்கள் அதன் இலையடியைப் பார்க்கட்டும். ஆவாரையை அறியும் திறவுகோல் அங்கேதான் இருக்கின்றது.

காதைப் பார்த்து அறிக

ஆவாரையின் இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், காம்பின் இருபுறமும் அகன்ற பச்சை மடல்கள் இரண்டு காணப்படும். இவற்றை இலையடிச் செதில்கள் என்பர். பிற செடிகளில் இச்செதில்கள் ஊசிபோற் சிறுத்து விரைவில் உதிர்ந்துவிடும். ஆவாரையிலோ அவை வட்டமாக அகன்று, காது மடல்போல் வளைந்து, ஒரு நுனி மயிரிழைபோல் நீண்டு, இலை உள்ளவரையில் உதிராமல் இருக்கும். பூ இல்லாத காலத்திலும் இவ்வடையாளம் மறையாது. இதுவே முதலாவதும் மிக உறுதியானதுமான சான்று.

இரண்டாவது சான்று சிற்றிலைகள். ஆவாரையின் ஒவ்வோர் இலையிலும் 8 முதல் 12 இணை வரை சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குல நீளம்; நுனி மழுங்கியிருக்கும். பேயாவாரையில் இணைகள் 4 அல்லது 5 மாத்திரமே, சிற்றிலைகள் பெரியன, நுனி கூரியது.

மூன்றாவது சான்று சுரப்பிகள். ஆவாரை இலையின் நடுத்தண்டில், ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் இடையே குச்சிபோன்ற நுண்ணிய சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். பேயாவாரையில் அவ்வரிசை இல்லை. காம்பின் அடிப்புறத்தில் மாத்திரம் கருமையான ஒரு குமிழ் இருக்கும். ஒரு சாதாரண உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் இதைக் கண்டுகொள்ளலாம்.

நான்காவது சான்று காய். ஆவாரையின் காய் தட்டையானது, காகிதம்போல் மெல்லியது, முற்றியதும் வெளிறிய பழுப்பு நிறம் பெறும். உள்ளே ஒவ்வொரு விதையும் தனித்தனி அறையில் இருப்பது வெளியிலேயே தெரியும். பேயாவாரையின் காய் ஒடுங்கி நீண்டு, சற்று மேல்நோக்கி வளைந்து, ஓரங்கள் வெளிறி நடுப்பகுதி கறுத்திருக்கும்.

ஐந்தாவது சான்று மணம். பேயாவாரை இலையைக் கசக்கினால் மூக்கைச் சுளிக்கச் செய்யும் கெட்ட வாடை வீசும். கசக்கிய கையை உடனே கழுவிவிட வேண்டும்.

பூவின் நிறத்தை ஏன் இந்த வரிசையில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். மஞ்சள் நிறம் எதையும் உறுதிசெய்யாது என்பதே விடை. கொன்றையும் மஞ்சளே, ஆனால் அது மரம். அதன் பூக்கள் சரம்சரமாகத் தொங்கும். காய் உருண்டு திரண்ட கோல் போன்றது. கோடையில் இலை உதிர்க்கும். வண்டுகொல்லியும் மஞ்சளே, ஆனால் அதன் பூங்கொத்து மெழுகுவர்த்திபோல் நிமிர்ந்து நிற்கும், காயில் நெடுகச் சிறகுகள் ஓடும். வீட்டு வாயிலில் அழகுக்காக நடும் மஞ்சள் அலரியும் என்றும் பசுமையானதே. ஆயினும் அது வேறு குடும்பம். அதன் எல்லா உறுப்பும் நஞ்சு. ஒடித்தால் பால் வடிவதைக் கொண்டு அதனை எளிதில் விலக்கிவிடலாம். ஆவாரையில் பால் இல்லை.

பேயாவாரை செய்த கொடுமை

இந்த வேறுபாடுகள் யாவும் வகுப்பறைக்கு மாத்திரம் உரியவை என்று எண்ணிவிடலாகாது. வட இந்தியாவில் உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் பல்லாண்டு காலம் ஒரு விசித்திர நோய் கிராமத்துச் சிறுவர்களை வாட்டிவந்தது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் பருவத்தில் அது ஆண்டுதோறும் தோன்றும். காலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென வாந்தியெடுக்கும், பிதற்றும், நினைவு தப்பிவிடும். ஒரு சில நாட்களுக்குள் பலர் மாண்டனர். மூளைக் காய்ச்சல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கிருமியைத் தேடினர், கிருமி அகப்படவில்லை.

பிஜ்னோர் நகரத்துக் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டரும், வேலூரின் புகழ்பெற்ற நுண்ணுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜானும், அவர்களது தோழர்களும் இதனை ஆராய்ந்தனர். நோயுற்ற குழந்தைகளின் ஈரலும் தசையும் மூளையும் ஒருங்கே பாதிக்கப்பட்டிருந்தன. கிருமியைக் காட்டிலும் நஞ்சையே இக்குறிகள் சுட்டின. நோயுற்ற பிள்ளைகள் என்ன தின்றனர், நலமாயிருந்த பிள்ளைகள் என்ன தின்றனர் என்று அவர்கள் வீடுவீடாகக் கேட்டு ஒப்பிட்டனர். விடை கிராமத்து வேலியோரத்திலேயே இருந்தது. நோயுற்றோரிற் பெரும்பாலோர் அங்கு விளைந்து கிடந்த பேயாவாரைக் காயைப் பறித்து அதன் விதைகளைத் தின்றிருந்தனர். இம்முடிவு 2007 இல் வெளியிடப்பட்டது. தாய்மார்க்கு இச்செய்தி எட்டிய இடங்களில் நோயும் குறைந்தது.

அந்தப் பேயாவாரை நம் நாட்டிலும் உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய களை அது. சிங்களத்தில் பெனிதோர என்பர். வீதியோரம், வெற்றுவளவு, குப்பைமேடு என எங்கும் முளைக்கும். காயை உடைத்தால் பயறு போன்ற விதைகள் வரிசையாக இருக்கும். மண் சட்டி வைத்துச் சோறு சமைத்து விளையாடும் சிறுவர்க்கு அது நல்ல கறிப்பொருளாகத் தோன்றும். அங்கேதான் அபாயம் இருக்கின்றது. வளவிலே அச்செடியைக் கண்டால் காய்க்குமுன் வேரோடு பிடுங்கிவிடுவதே அறிவுடைமை. பிள்ளை ஒன்று அவ்விதையைத் தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், கைமருந்து செய்து காலத்தைப் போக்காது, செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே செல்ல வேண்டும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இத்தகைய வேளைகளில் வைத்தியர்களுக்கு ஆலோசனை வழங்குகின்றது. கையோடு கொண்டுசென்ற கிளை அப்போது ஆயிரம் சொல்லுக்குச் சமம்.

பாலைவனத்திலிருந்து வந்த உறவு

இனி நிலாவாரைக்கு வருவோம். மெய்யான பாலைவனத்தில் வாழும் மஞ்சட்பூச் செடி இதுவே. எகிப்து, சூடான், அரேபியா ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களே இதன் தாயகம். அரபு மொழியில் சனா என்பர். மக்கத்திலிருந்து வருவது என்ற பொருளில் சனாமக்கி எனவும் வழங்கும். திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புக்களிலே சனாவின் பெயர் வருதலால் முஸ்லிம் இல்லங்களில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் திருநெல்வேலிச் சீமையில் இதனைப் பயிர்செய்யத் தொடங்கிப் பல தலைமுறைகள் ஆகின்றன. திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் அது விலைபோகின்றது.

இதன் இலையில் சென்னோசைட்டு எனப்படும் பொருள்கள் உள்ளன. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை மாற்றும்போது குடல் தூண்டப்படுகின்றது. ஆகவே மருந்து உண்ட உடனே பயன் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்தே மலம் இளகும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் சென்னாவும் இடம்பெற்றுள்ளது. எனினும் நாள்தோறும் உண்டால் உடலின் பொட்டாசியச் சத்துக் குறையும். குடல் தன் இயல்பான வேலையை மறக்கும். கருவுற்ற மாதரும் குழந்தைகளும் வைத்தியர் சொல்லாமல் இதனைத் தொடலாகாது.

இதனை ஆவாரை என்று எண்ணி நாள்தோறும் காய்ச்சிக் குடிப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்! கடையில் இரண்டும் காய்ந்த இலையாக வரும்போது காதைப் பார்க்க வழியில்லை. ஆயினும் அப்போதும் ஓர் அடையாளம் உண்டு. நிலாவாரையின் சிற்றிலை ஒடுங்கி நீண்டு ஈட்டிமுனைபோற் கூரியது. அடிப்பகுதி ஒருபுறம் ஏறியும் ஒருபுறம் இறங்கியும் இருக்கும். ஆவாரையின் சிற்றிலை நுனி மழுங்கியது. முழு இலையாக வாங்கினால் இதனைப் பார்த்துக்கொள்ளலாம். தூளாக வாங்கினால் விற்பவரின் சொல் ஒன்றே சாட்சி.

மெய்யான ஆவாரையும் மருந்தே

ஐந்து சான்றுகளையும் சோதித்து, கையிலிருப்பது ஆவாரையே என்று உறுதி செய்துவிட்டோம் எனக் கொள்வோம். அதன் பின்னர் வேண்டிய அளவு பருகலாமா? சித்த வைத்தியத்தில் ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்கு உரிய பெயர்பெற்ற மருந்து. ஆயினும் நல்ல பரியாரியார் எவரும் அளவும் காலமும் சொல்லாமல் அதனைக் கொடுப்பதில்லை. நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரை உண்பவர் தாமாகவே இதனையும் சேர்த்துக்கொண்டால் இரத்தத்திலுள்ள சீனி அளவுக்கு மீறித் தாழக்கூடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1981 இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நாட்டு மருந்துச் செடிகள் ஐம்பதைச் சோதித்தார்கள். ஈரலைக் கெடுக்கும் ஒருவகைக் காரப்பொருள் அவற்றுள் மூன்றில் இருப்பதாகக் கண்டனர். அம்மூன்றில் ஆவாரையும் ஒன்று. எலிகளுக்கு அச்செடிகளைக் கொடுத்து வந்தபோது அவற்றின் ஈரல் பழுதுற்றது. எலிக்கு நேர்ந்தது அவ்வண்ணமே மனிதனுக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. எப்போதாவது ஒரு கோப்பை பருகியவர் அஞ்சி நடுங்க வேண்டியதுமில்லை. ஆனால் மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்று காலை மாலை தவறாது ஆண்டுக்கணக்கில் குடிப்பதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு தடை. ஈரல் நோய் உள்ளவர் விலகிக்கொள்வதே நன்று.

பழமொழி பொய்யோ என்று வினவலாம். பொய் அன்று, அது செடியை அறிந்தவர்களிடையே பிறந்த சொல். அக்காலத்தில் மருந்து பறிக்கச் சென்றவர் இலையையும் காயையும் மணத்தையும் தம் கையாற் சோதித்தே பறித்தார். வைத்தியரின் அளவுக்கு உட்பட்டே உண்டார். அந்த அறிவை விட்டுவிட்டுப் பழமொழியை மாத்திரம் நாம் வைத்திருக்கிறோம்.

மாணாக்கர் செய்யத்தக்கது

இவ்வறிவை மீட்பது கடினமன்று. அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் தம் வளவிலும் வீதியோரத்திலும் உள்ள மஞ்சட்பூச் செடிகள் அனைத்தையும் எண்ணட்டும். ஒவ்வொன்றுக்கும் இலையடிச் செதில், சிற்றிலை இணைகள், சுரப்பி, காய் ஆகிய நான்கையும் கொப்பியில் வரையட்டும். ஒரு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துப் பாரமேற்றி உலர்த்தினால் அது பல ஆண்டு நிலைக்கும். எடுத்த இடமும் நாளும் அதனருகே எழுதப்படல் வேண்டும். பேராதனைப் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரச் சாலையில் இந்நாட்டுச் செடிகள் இம்முறையிலேதான் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஒன்றை மாத்திரம் பிள்ளைகள் மறத்தலாகாது: பார்க்கலாம், வரையலாம், உலர்த்தலாம், வாயில் வைத்துச் சுவை பார்க்கலாகாது. குமண போன்ற காப்பு வனங்களில் ஓர் இலையையும் பறித்தல் தகாது. அங்கே கண்ணாற் கண்டு கொப்பியில் வரைந்து வருவதே முறை.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அச்செடிகளின் ஊர்ப்பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருதமுனையில் வழங்கும் பெயரும் காரைதீவில் வழங்கும் பெயரும் வேறாக இருக்கலாம். அக்கரைப்பற்றில் ஆவாரை எனச் சொல்லப்படுவது பொத்துவிலில் வேறொன்றாக இருக்கலாம். பெயர்கள் பலவாயினும் இலையின் அடியிலுள்ள அந்தக் காது ஒன்றே. அதைக் கண்டபின் பறியுங்கள். காணாவிடின் கையை எடுத்துவிடுங்கள்.